ஊசியும் முனிசிபாலிடியும்

தமிழிலே 'குத்து' என்ற சொல்லுக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. குத்து, வெட்டு என்று சண்டையோடு சேர்த்தே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனாலும் மூன்று குத்துகளை மட்டும் நம்மவர்கள் விரும்பியோ விரும்பாமலோ உடம்பிலே வாங்கிக்கொண்டார்கள். காது குத்து ஒன்று, பச்சை குத்து ஒன்று, அம்மை குத்து ஒன்று. முதலாவது தாய்மாமன் மடியிலே நடந்தது. இரண்டாவது வீட்டுத் திண்ணையிலே நடந்தது. மூன்றாவதைச் சர்க்கார் ஆள் பெட்டியோடு வந்து தெருவிலே நின்று நடத்தினான். அரக்கோணத்திலோ திருத்தணியிலோ எழுபது வயதைத் தாண்டிய ஒரு கிழவியைப் பார்த்தால் மூன்றின் அடையாளமும் அவள் மேலே இருக்கக் காணலாம். காதிலே துளை, முன்கையிலே பச்சைக் கோலம், தோளுக்குக் கீழே வட்டத் தழும்பு.

மூன்றுக்கும் ஊசிதான் கருவி. தோலைத் துளைத்து ரத்தத்தைத் தொடுகிற காரியமும் ஒன்றுதான். ஆனால் சர்க்கார், அம்மை குத்துக்குச் சட்டம் போட்டது, ஆள் போட்டது, மறுத்தவர்களுக்கு அபராதமும் போட்டது. மற்ற இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டே போனால் நம் பக்கத்துச் சரித்திரத்தில் பாதி வெளியே வந்துவிடுகிறது.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிற்று. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அது. அந்தப் பாதையிலே இருந்ததால் அரக்கோணம் ஊராயிற்று. ரேணிகுண்டாவுக்கும் செங்கற்பட்டுக்கும் கிளை பிரிந்ததால் பெரிய ஊராயிற்று. வடக்கே பத்து மைல்கூட இல்லை, திருத்தணி மலை. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் அரக்கோணம் ரயிலடியிலே கால் வைக்க இடம் இருக்காது. மஞ்சள் துணி, புஷ்பக் காவடி, 'அரோகரா' என்ற கோஷம். கன்னத்திலே அலகு குத்திக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மலைக்கு 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை.

இந்தத் திருத்தணி ஒரு காலத்திலே வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911-இல் சித்தூர் என்று புது ஜில்லா பிரித்தபோது அதிலே போய்ச் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது ஜில்லாவோடு கூட அதுவும் ஆந்திரத்துக்குப் போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்து, எல்லைச் சட்டம் ஒன்று இயற்றி, 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி மறுபடி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. இவ்வளவு தடவை பட்டா மாறிய ஊரில் ஒன்று மட்டும் மாறவில்லை. தமிழ்க்காரியும் தெலுங்குக்காரியும் ஒரே குறத்தியிடம் கையை நீட்டினார்கள். இவள் 'பச்சை குத்து' என்றாள். அவள் 'பச்சபொட்டு' என்றாள். தேளும் கோலமும் இரண்டு கையிலும் ஒரே மாதிரிதான் விழுந்தன.

அந்தப் பச்சைக்கு மை தயாரித்த விதத்தை எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். 1885 முதல் 1908 வரையில் சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்தவர். தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-இல் ஏழு பெரிய புத்தகங்கள் வெளியிட்டவர். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து பார்க்கிற பைத்தியம் அவருக்கு உண்டு. அதைப் பற்றிப் பேச இது இடமில்லை. மை விஷயத்தில் அவர் சொல்வது நம் பாட்டிமார் சொல்வதோடு ஒத்துப்போகிறது. மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்துக் கசக்கி, மெல்லிய துணியிலே வைத்துச் சுருட்டித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கிலே எரிக்க வேண்டியது. மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்தால் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ, பிள்ளை பெற்றவளின் தாய்ப் பாலிலோ குழைத்தால் மை. நாலைந்து ஊசியைச் சேர்த்துக் கட்டினால் கருவி. குத்தின இடத்திலே மஞ்சளைப் பூசினால் வைத்தியம்.

என் பாட்டியின் முன்கையிலே அப்படி ஒரு கோலம் இருந்தது. கடைசிக் காலத்தில் தோல் சுருங்கி, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. "செத்தா நகையைக் கழட்டிடுவாங்கடா, இதை எவன் கழட்டுவான்?" என்பாள். கூலியாக ஒரு படி கேழ்வரகும் ஒரு பழைய புடவையும் கொடுத்ததாகச் சொல்லுவாள். ஊசியை நெருப்பிலே காட்டினாளா, வெந்நீரிலே போட்டாளா என்று நான் கேட்டதற்கு, "பக்கத்து வீட்டு ராஜாமணிக்குக் குத்தின ஊசிதான் எனக்கும்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலிலே ஒரு சிநேகிதம் இருக்கிறது. சுகாதார உத்தியோகஸ்தர் ஒருவர் கேட்டிருந்தால் தலையிலே கை வைத்துக்கொண்டிருப்பார்.

பச்சை குத்துவது பெரும்பாலும் குறப் பெண்களின் தொழில். திருத்தணியிலே இதற்குத் தனி அர்த்தம் உண்டு. முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை இது என்பதும், குற மகளான வள்ளியை மணந்துகொண்டு வந்து தங்கிய இடம் இது என்பதும் ஐதீகம். அந்த வள்ளி பிறந்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலையும் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. மலைமேலே குறத்தி அம்மன். கீழே அவளுடைய ஜனங்கள். மேலே இருப்பவளுக்குத் தேரும் திருக்கல்யாணமும் நடந்தன. கீழே இருந்தவர்களுக்குச் சர்க்கார் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று 1871-இல் வடக்கே பிறந்தது. 1911-இல் அதைத் திருத்தி, சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தார்கள். குறவர்களும், அவர்களுடைய தெலுங்குக் கிளையான எருகுலரும் அதில் சிக்கினார்கள். பெயரைப் பதிவு செய்ய வேண்டும். குறித்த நேரத்தில் போலீசுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். விரல் ரேகையும் எடுத்தார்கள். ஊரார் கையிலே மை பதித்தவளுடைய புருஷன் விரலிலே சர்க்கார் மை தடவியது. 1913-இல் எருகுலரைக் குடியமர்த்த குண்டூர் ஜில்லாவில் ஒரு குடியேற்றம் அமைத்து, இரட்சண்ய சேனையிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு ஸ்டூவர்ட்டுபுரம் என்று பெயர். ஹெரால்டு ஸ்டூவர்ட் என்ற கவர்னர் கவுன்சில் மெம்பரின் ஞாபகமாக வைத்த பெயர் அது. அந்த ஸ்டூவர்ட்தான் 1890-களில் வட ஆற்காடு ஜில்லாவின் பழைய மானுவலைத் திருத்தி வெளியிட்டவர்; அதாவது, திருத்தணி அடங்கிய நம் ஜில்லாவின் ஜாதிகளையும் கோவில்களையும் பக்கம் பக்கமாகப் பதிப்பித்தவர். எழுதுகிறவனுக்கு உத்தியோகமும் கிடைத்தால் என்ன ஆகும் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நான் சொல்ல வந்தது இதுதான். பச்சை குத்துகிறவளைப் பற்றிச் சர்க்காருக்கு நிரம்பக் கவலை இருந்தது. எங்கே தூங்குகிறாள், யாரோடு போகிறாள், எந்த ஊரிலே கூடாரம் அடித்திருக்கிறாள் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டன. அவள் கையில் இருந்த ஊசியைப் பற்றி மட்டும் கவலையே இல்லை. அதைக் கொதிக்க வைக்கச் சொல்லி ஒரு வரி கிடையாது. சென்னையில் இந்தச் சட்டத்தை 1947-இல் ரத்து செய்தார்கள். நாடு முழுவதும் அது போனது 1952 ஆகஸ்டு 31-இல்.

சர்க்காருக்கு ஊசியே தெரியாது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். கம்பெனிச் சர்க்காரே பச்சை குத்தியிருக்கிறது! 1797-இல் வங்காளத்திலே ஒரு ரெகுலேஷன் போட்டார்கள். ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியிலே அவன் பெயர், செய்த குற்றம், தீர்ப்பான தேதி எல்லாவற்றையும் பச்சை குத்த வேண்டும் என்பது உத்தரவு. தப்பி ஓடினாலும் நெற்றி காட்டிக்கொடுக்கும் என்பது கணக்கு. சில வருஷங்களுக்குள் சென்னை ராஜதானியிலும் அதே வழக்கம் வந்தது. தலைப்பாகையை நெற்றி வரை இழுத்துக் கட்டிக்கொண்டு மறைத்துக்கொண்ட கைதிகள் உண்டு. 1849-இல் இதை ஒழித்தார்கள். அந்த ஐம்பது வருஷத்தில் சர்க்கார் குத்திய ஊசிகளுக்கும் சுத்தம் பற்றி விதி ஏதும் கிடையாது. கிருமி என்ற விஷயம் அப்போது டாக்டர்களுக்கே தெரியாது; அதனால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

கிருமியைப் பற்றிய பாடத்தைச் சர்க்கார் கற்றுக்கொண்டது மூன்றாவது குத்திலே. எட்வர்டு ஜென்னர் கண்டுபிடித்த கோமாரிப் பால், 1802-இல் பம்பாய் வந்து சேர்ந்தது. அதே வருஷம் சென்னையிலும் அம்மை குத்த ஆரம்பித்துவிட்டார்கள். பாலைப் புட்டியிலே அடைத்து வெயிலில் கொண்டுபோனால் கெட்டுவிடும். எனவே ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் எழும்பினதும், அதிலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். கைக்குக் கை போகிற முறை. ஊருக்கு ஊர் குழந்தைகளையே அழைத்துக்கொண்டு போனார்கள். இதிலே ஜாதித் தகராறு வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. 'அவன் பிள்ளை ரத்தத்தை என் பிள்ளைக்கு ஏற்றுவதா' என்று கேட்டார்கள். கேட்டவர்கள் வைத்த காரணம் தப்பு. ஆனால் ஒரு கையின் ரத்தம் மறு கைக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும், தெரியாமலேயே சரியாகப் பேசிவிட்டார்கள். கைக்குக் கை போன முறையிலே மேகநோய் தொற்றிய சம்பவங்கள் ஐரோப்பாவில் பல. அதனால்தான் கன்றுக்குட்டியின் வயிற்றிலே பால் எடுக்கும் முறைக்கு உலகம் மாறிற்று. இங்கிலாந்திலே 1898-இல் பழைய முறையைச் சட்டத்தாலேயே நிறுத்தினார்கள். மறு வருஷம் சென்னை கிண்டியிலே கிங் இன்ஸ்டிட்யூட் தோன்றி, கன்றின் பாலை ராஜதானி முழுவதற்கும் அனுப்ப ஆரம்பித்தது.

இந்திய அளவில் அம்மை குத்தும் சட்டம் 1880-இல் வந்தது. சென்னை ராஜதானி 1884-இல் தனக்கென ஒன்று செய்துகொண்டது. அதே 1884-இல்தான் முனிசிபாலிடிகளுக்கும் லோகல் போர்டுகளுக்கும் புதுச் சட்டங்கள் வந்தன. அம்மை குத்துகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது உள்ளூர் சபையின் தலையிலே விழுந்தது. அவர் கையில் இருந்த கருவியைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சின்னக் காசு மாதிரி வட்டமாக, அடியிலே பல் பல்லாக இருக்கும். தோளிலே வைத்து ஒரு திருகு திருகுவார். குழந்தை வீரிட்டு அலறும். 1960-களின் கடைசியில் இரண்டு முனை உள்ள சின்ன ஊசி வந்து அந்தத் திருகாணியை ஓட்டிற்று. புது ஊசியைக் கொதிக்க வைக்கலாம், நெருப்பிலே காட்டலாம், மறுபடி மறுபடி உபயோகிக்கலாம். ஒவ்வொருவருக்கும் சுத்தமான ஊசி என்பதுதான் உத்தரவு. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் கண்டுபிடிக்கப்பட்டார். அத்தோடு மூன்றாவது குத்தும் நின்றது. சர்க்கார் ஊசி ஒன்று சரித்திரத்திலே ஜயித்த கதை இது. ஜயித்ததற்குப் பாதிக் காரணம், அது மருந்தை மட்டும் கவனிக்கவில்லை, ஊசியையும் கவனித்தது.

அப்படியானால் அதே முனிசிபாலிடி, அதே தெருவிலே பச்சை குத்தும் ஊசியை ஏன் கவனிக்கவில்லை? இதற்குப் பதில் சட்டப் புத்தகத்தின் அடியிலே இருக்கிறது. 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. அபாயமான, அருவருப்பான தொழில்கள் அதில் வரிசையாக இருக்கும். தோல் பதனிடுவது, எலும்பு சேர்த்து வைப்பது, செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாய், விறகு, வைக்கோல் என்று போகும். இவற்றில் எதைச் செய்வதானாலும் லைசென்சு இல்லாமல் ஓர் இடத்தை உபயோகிக்கக் கூடாது. 'இடம்' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். லைசென்சு இடத்துக்குத்தான். கதவு எண் வேண்டும், வாடகைச் சீட்டு வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் நுழைவதற்கு வாசல் வேண்டும். குறத்திக்கு ஏது வாசல்? அவள் நம் வாசலுக்கு வந்தாள். போலீஸ் சட்டம் ஆளைப் பிடித்தது, இடத்தை அல்ல. முனிசிபல் சட்டம் இடத்தைப் பிடித்தது, ஆளை அல்ல. இரண்டுக்கும் நடுவிலே ஊசி தப்பித்துக்கொண்டது.

1939-இல் ராஜாஜி மந்திரி சபை, பொதுஜன சுகாதாரச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இந்த மாதிரி விரிவான சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே இதுதான் முதல் என்பார்கள். அப்போது சுகாதார மந்திரி டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து திருச்சியிலே வைத்தியம் பார்த்தவர். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டதே, அது இவர் வீட்டு வாசலிலிருந்துதான். இவரிடமே சுகாதாரத்தோடு அறநிலைய இலாகாவும் இருந்தது. ஒரே மேஜையின் மேலே காலராவும் கோவில்களும்! அந்தச் சட்டத்திலே சந்தைக்கும் திருவிழாவுக்கும் தனி அத்தியாயம் இருப்பது ஆச்சரியமில்லை. தண்ணீர், கக்கூஸ், தொற்று நோய் வந்தவர்களைப் பிரித்து வைக்க இடம் எல்லாவற்றையும் பற்றி யோசித்திருக்கிறார்கள். 1939-இல் யாத்திரிகனைக் கொன்றது தண்ணீர்தான். அதனால் தண்ணீரைப் பற்றி எழுதினார்கள். சித்தூர் ஜில்லாவும் அன்று சென்னை ராஜதானியாகவே இருந்ததால், எல்லையின் இரு பக்கத்துத் திருவிழாக்களுக்கும் இந்த ஒரு சட்டம்தான் அடிப்படை ஆயிற்று. திருவிழாவிலே அலகு குத்துகிறவனின் வேலைப் பற்றியோ, கோவிலடியிலே காது குத்தும் ஆசாரியின் கம்பியைப் பற்றியோ யாரும் நினைக்கவில்லை. ரத்தத்தின் வழியாக வரும் மஞ்சட்காமாலை என்று ஒன்று இருப்பதே அப்போது சரியாகத் தெரியாது.

அது தெரிய வந்தது பிறகு. 1960-களில் புளூம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவரின் ரத்தத்தில் ஒரு விசித்திரமான பொருளைக் கண்டார். அது காமாலைக் கிருமியின் மேலுறை என்று பின்னால் புரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரணம் முழுக்கப் புரியுமுன்பே நியூயார்க் நகரம் அவசரப்பட்டுவிட்டது. 1961-இல் நகர சுகாதார இலாகா, காமாலையைக் காரணம் காட்டிப் பச்சை குத்தும் கடைகளை அடியோடு தடை செய்தது. மின்சாரப் பச்சை இயந்திரத்துக்கு 1891-இல் முதல் பேடண்ட் வாங்கிய ஓரைலி தொழில் நடத்தியதும் அதே நகரத்திலேதான் என்பது வேடிக்கை. எடிசனின் மின்சாரப் பேனாவை வைத்துத்தான் அவர் அதை உண்டாக்கினார். தடையால் தொழில் ஒழிந்ததா? இல்லை. மாடிக்கும் நிலவறைக்கும் போயிற்று. முப்பத்தாறு வருஷம் பார்த்துவிட்டு 1997-இல் தடையை எடுத்தார்கள். பிரிட்டனிலே வேறு புத்தி. 1982-இல் ஒரு லோகல் கவர்ன்மெண்டு சட்டம் செய்து, பச்சை குத்துகிறவனும் காது குத்துகிறவனும் உள்ளூர் சபையிலே தம் பெயரையும் கடையையும் பதிந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். ஊசியை எப்படிச் சுத்தம் செய்வது என்று சபையே துணைவிதி போடலாம். அங்கே ஆளும் இடமும் ஒரே புத்தகத்துக்குள் வந்தன. நம் சட்டத்துக்கு இந்த யோசனை வரவில்லை.

நம் ஊரிலே என்ன நடந்தது? 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும், இந்தியாவின் முதல் எய்ட்ஸ் கிருமித் தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை 'அது வெள்ளைக்காரன் வியாதி' என்று இருந்தவர்கள் நடுங்கிப் போனார்கள். அடுத்த பத்து வருஷத்தில் ஒரு சின்னப் புரட்சி நடந்தது. அதை யாரும் சரித்திரமாக எழுதவில்லை. முடி வெட்டும் சலூன்களில் சவரக் கத்தி போய், பாதியாக உடைத்துப் போடும் பிளேடு வந்தது. சட்டம் போட்டு அதட்டியதால் மட்டும் வந்ததல்ல. நாற்காலியிலே உட்கார்ந்தவன், "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று கேட்டான். கேட்கக் கேட்க, போடாத கடைக்குக் கூட்டம் போகவில்லை. திருத்தணியிலே மொட்டை போடுகிற இடத்திலும் இப்போது குழந்தையின் தாய் பிளேடைப் பிரிப்பதைப் பார்த்த பிறகுதான் தலையைக் கொடுக்கிறாள். 2021-இல் சர்க்கார் கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்த பிறகு, பிளேடும் சம்பளமும் கோவில் நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று.

அதே குழந்தைக்கு அதே நாளிலே காது குத்துகிறார்களே, அங்கே இவ்வளவு உஷார் இல்லை. பழைய ஆசாரி தங்கக் கம்பியின் முனையைக் கூராக்கி, ஒரே வீச்சிலே குத்தி, அங்கேயே வளையமாக முறுக்கிவிடுவார். கம்பி அந்தக் குழந்தைக்கென்று வாங்கினது. மறு காதுக்குப் போகாது. யோசித்துப் பார்த்தால் நம் மூன்று குத்துகளிலே இயல்பாகவே பத்திரமானது இதுதான். இப்போது நகைக் கடைகளிலே துப்பாக்கி வந்துவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம், காரியம் முடிந்தது. துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடம்பை ஆஸ்பத்திரி முறையிலே நீராவியில் வேக வைக்க முடியாது, உருகிவிடும். பஞ்சாலே துடைத்துவிட்டு அடுத்த காது. என் உறவிலே ஒரு குழந்தைக்கு அப்படிக் குத்தி, மடல் புண்ணாகி, மூன்று வாரம் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். கடையின் பெயர் எதற்கு? போய்க் கேட்டதற்கு, "பாப்பா கையை வெச்சுச் சொறிஞ்சிருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கடைக்கு முனிசிபல் லைசென்சு உண்டு. நகை விற்பதற்கு!

பச்சை குத்துகிற தொழிலும் இன்று உருவம் மாறிவிட்டது. கரியும் அகத்தியும் போய்ப் புட்டி மை வந்தது. குறத்தி போய், குளிர்சாதனம் வைத்த கடையிலே கையுறை போட்ட இளைஞன் வந்தான். திருவிழாக்களிலே இரண்டுக்கும் நடுவிலே ஒருவன் இருக்கிறான். சாலையோரத்திலே கோணி விரித்து, பேட்டரியிலே ஓடும் ஓர் இயந்திரத்தையும், படம் ஒட்டின அட்டையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேல், மயில், 'அம்மா' என்று எழுத்து. வரிசையிலே பத்துப் பேர் நிற்பார்கள். ஊசி ஒன்றுதான்.

முதல் தடவையாக நம் ராஜ்யத்தில் ஒரு மாநகராட்சி, பச்சைக் கடை விஷயமாகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது 2024 டிசம்பரிலே. இடம் டாக்டர் ராஜனின் திருச்சி. மேலச்சிந்தாமணியிலே ஒரு கடைக்காரர், பாம்பு மாதிரி இருக்கும் என்று வாடிக்கைக்காரரின் நாக்கை இரண்டாகப் பிளந்து, வர்ணமும் ஏற்றி, அதைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டார். மாநகராட்சிச் சுகாதார அதிகாரிகள் புகார் கொடுத்தார்கள். போலீசார் கடைக்காரரையும் கூட இருந்தவரையும் கைது செய்தார்கள். கடைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். நாக்கை அறுத்தது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. அதனால் பிடிக்க முடிந்தது. அந்த நாக்கு அறுபடாமல், வெறும் கைகளிலே மாதக்கணக்காக ஊசி ஓடிக்கொண்டிருந்தால் யார் போய் எட்டிப் பார்த்திருப்பார்கள்? நாடு முழுவதற்கும் பச்சை குத்தும் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2025-இல் கர்நாடக சுகாதார மந்திரி தினேஷ் குண்டுராவ், பச்சை மைகளைச் சோதித்ததில் 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொல்லி, விதிகள் வேண்டும் என்று பேசினார். ஆர்சனிக்கும் அதில் உண்டு. பாட்டியின் அகத்திக் கரி எவ்வளவோ தேவலை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தவர் யார்?

லைசென்சு வேண்டும் என்று சொல்லுகிறவர்களோடு நானும் சேர்ந்தவன்தான். ஒரு பயம் மட்டும் எனக்கு உண்டு. சட்டம் வந்தால் குளிர்சாதனக் கடை ஒரு வாரத்திலே காகிதத்தை வாங்கி மாட்டிவிடும். அதற்குக் கதவு எண் இருக்கிறது. கோணி விரித்தவனையும், இன்னும் எங்கேயாவது ஊசி கட்டிக்கொண்டு திரிகிற குறத்தியையும் துரத்துவதுதான் சட்டத்தின் வேலையாகிவிடும். அந்த ஜனங்களை ஏற்கெனவே ஒரு சட்டம் நாற்பது வருஷம் துரத்தியாயிற்று. ஆடிக் கிருத்திகைக்குச் சுகாதார இலாகா தண்ணீர் லாரி நிறுத்துகிறது, குளோரின் போடுகிறது, முதலுதவிப் பந்தல் போடுகிறது. அந்தப் பந்தலிலேயே ஒரு பெட்டி புது ஊசியை வைத்து, பச்சைக்காரனுக்கும் அலகுக்காரனுக்கும் கொடுத்து, பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டால் என்ன செலவாகும்? காலராக் காலத்திலே யாத்திரிகனுக்குப் பாட்டன்மார் செய்த வேலைதானே இதுவும்.

அரக்கோணத்துப் பையன்களுக்கு இன்று பச்சையைப் பற்றி எழுத்து மூலமாகத் தெரிந்த ஒரே விதி, சுகாதார இலாகாவினுடையது அல்ல. ஊருக்குப் பக்கத்திலே 1992-இல் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் வந்தது. தக்கோலத்திலே மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. காலையிலே மைதானத்தில் ஓடுகிற பையன்களிலே பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு படையில் சேருவதுதான் கனவு. மத்தியப் போலீஸ் படைகளின் உடற் பரிசோதனை விதியிலே பச்சைக்கு ஒரு பகுதி இருக்கிறது. மதச் சின்னமோ பெயரோ இருக்கலாம். இடது முன்கையின் உட்புறத்திலோ, கையின் பின்புறத்திலோ இருக்க வேண்டும். இடது கை ஏனென்றால், சல்யூட் அடிக்காத கை அது. அளவு அந்த அங்கத்திலே கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். திருவிழாவிலே நண்பர்களோடு போய் வலது கையிலே மயிலைக் குத்திக்கொண்டவன் இதைப் பிறகுதான் படிக்கிறான். அப்புறம் அழிப்பதற்கு லேசர் வைத்தியசாலைக்குப் போகிறான். அந்த வைத்தியசாலை 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, சான்றிதழைச் சுவரிலே மாட்டியிருக்கிறது. ரத்த தானம் செய்யப் போனாலும் அவனைக் கேட்பார்கள், எப்போது குத்தினாய் என்று. ஒரு வருஷம் ஆகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குத்தும்போது அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை ரூபாய் என்று அவன்தான் கேட்டான்.